கால்மாட்டில் பேசிய சிங்களம்

நாலாவது ஊசி முடிந்துவிட்டது. ஐந்தாவதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஊசி போட்ட முதல் ஒரு வாரம் வாந்தி, வாய்ப்புண், தலைச்சுற்று. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மனுஷியாக இருப்பேன். அந்த நாட்களில்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாவதுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். ஊசி வேலை செய்கிறதா இல்லையா என்று அதில் தெரியுமாம். தெரிந்த பிறகு எழுதினால் அழுகையோ சிரிப்போ வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றுதான் இப்போதே உட்கார்ந்திருக்கிறேன். மகள் வாசுகி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, வேறு எதிலும் கை வைக்காதே என்று சொல்லித்தான் கொப்பியைக் கொடுத்திருக்கிறேன். டீச்சர்மாருக்குக் கை சும்மா இருக்காது.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. ஆனாலும் பெயரைப் போட்டால் எதையாவது பிடித்துக்கொண்டு யாராவது வருவார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற ஒரு பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு, பதினோராம் கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் தனலெட்சுமி. வயது நாற்பத்தேழு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள்.

காதுக்குக் கீழே இடது பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. எங்கள் மலையில் இன்னமும் கூடையைத் தலைக் கயிற்றில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுத்தான் கொழுந்து எடுக்கிறோம். கழுத்தில் எது வந்தாலும் அந்தக் கயிற்றின் மேல் பழியைப் போடுவது எங்கள் வழக்கம். கயித்து வீக்கம் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். கயிற்றுக்கு அடியில் துவாயை மடித்து வைத்தேன். பக்கத்து நிரையில் நின்றவள் தன் கழுத்தைக் காட்டி, எனக்கும் இப்படித்தான் வந்து போனது என்றாள். இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது. அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு பின்னேரமானால் காய்ச்சல் வந்தது. விடியும்போது படுக்கை நனைந்து கிடந்தது. ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. புளியங்கொட்டை எலுமிச்சங்காயாகி, பக்கத்தில் இன்னொன்றும் முளைத்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அதைத் தொட்டுப் பார்த்தவர் ஒரு துண்டு எழுதி, இன்றைக்கே போ என்றார். என் வீட்டுக்காரர் மாணிக்கம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியைக் கழுவி எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, அழுக்குச் சட்டையோடு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்த இடத்தில் என் திருட்டை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

பதினோரு வயதில் என்னைக் கொழும்புப் பக்கம் ஒரு சிங்கள வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஐந்து வருசம் இருந்தேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. என் பெயர் வாயில் நுழையவில்லை என்று குசும் என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் தமிழ் பேச ஒருவரும் இல்லாததால் ஒரே வருசத்தில் நான் கனவுகூடச் சிங்களத்தில்தான் கண்டேன். திரும்பி வந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள், அந்தப் பாஷை இனி உன் வாயில் வரக்கூடாது, வீட்டு வேலைக்குப் போன பிள்ளை என்று தெரிந்தால் எவன் கட்டுவான் என்று. ஹட்டனில் மாமி வீட்டில் இருந்ததாக ஊருக்குச் சொன்னோம். மாணிக்கத்துக்கும் அதையேதான் சொன்னேன். இருபத்தாறு வருசம் அவரோடு வாழ்ந்தேன். சந்தையில் அவர் கடைச் சிங்களத்தில் தடுமாறும்போது சரியான வார்த்தை என் நாக்கு நுனியில் நிற்கும். நான் மிளகாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வார்டிலும் அப்படித்தான் இருந்தேன். அங்கே டொக்டர்மாரும், மிஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ்மாரும் சிங்களத்தில் பேசினார்கள். எங்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தமிழ் தெரிந்த ஒரு அட்டெண்டண்டைக் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷன்தான், ஆனால் நாலு வார்டுக்கும் ஒரே ஆள். முதல் நாள் பெரிய டொக்டர் வந்து என் கழுத்தின் இரண்டு பக்கத்தையும், கக்கத்தையும், வயிற்றையும் விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கால்மாட்டில் நின்று இளம் டொக்டரிடம் நிறையப் பேசினார். அட்டெண்டண்ட் என் பக்கம் திரும்பி, "கழுத்துல கட்டி இருக்காம். டெஸ்ட் பண்ணனுமாம்" என்றார். கட்டி இருப்பது எனக்கும் தெரியும். பெரிய டொக்டர் உண்மையில் சொன்னது வேறு. இது காசநோயாக இருந்தால் இந்த அம்மாவுக்கு அதிர்ஷ்டம் என்றார்.

காசநோய் அதிர்ஷ்டம் என்றால் மற்றது என்ன?

காசநோயா என்று பார்க்க முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். மூன்று நாளில் அந்த இடம் தடித்துச் சிவந்தால் காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கக்கூடும் என்று அர்த்தமாம். மணிக்கொரு தரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் ஒரு வீக்கம் வராதா என்று ஏங்கியது வாழ்க்கையில் அந்த மூன்று நாள்தான். கை அப்படியே மழமழவென்று இருந்தது. பிறகு கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அது போதாது என்று விறைக்க மருந்து போட்டு ஒரு கட்டியையே வெட்டி எடுத்தார்கள். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோல் போல மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்களாம். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். காய்ச்சல் விடாததால் வீட்டுக்கும் அனுப்பவில்லை.

நெஞ்சுப் படம் எடுத்த மறுநாள் இளம் டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்குள்ளேயும் இருக்கிறது, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் என்று மிஸ்ஸிடம் சொன்னார். அதன் பிறகு பிலிகா என்ற சொல்லைச் சொன்னார். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். வேலைக்கிருந்த வீட்டில் எஜமானி நோனாவின் அம்மா ஒரு அறையில் படுத்து மெலிந்து மெலிந்து செத்தது அதில்தான், அவருக்குப் பாத்திரம் ஏந்தியது நான்தான். தமிழில் அதைப் புற்றுநோய் என்கிறோம். இந்த அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், ரிப்போர்ட் வந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வோம் என்று அவர் முடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அழுதால் விளங்கிவிட்டது என்று தெரிந்துவிடுமே என்று கால் பெருவிரலை மற்றக் காலால் அழுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குச் சிங்களம் தெரியாது என்று அவர்கள் நம்புகிற வரைக்கும்தான் கால்மாட்டில் உண்மையைப் பேசுவார்கள். தெரியும் என்று தெரிந்துவிட்டால் வெளியே போய்ப் பேசுவார்கள். என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு இருக்கிற ஒரே ஜன்னல் அது. அதனால் என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் டொக்டர்மார் வரும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். அவர்கள் வராவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

மாணிக்கம் பின்னேரம் தவறாமல் வந்தார். ஒரு நாள் ரசம், ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, எல்லாம் அவர் கையால் வைத்தது. உப்பு ஒன்று கூடும் அல்லது குறையும். வாசுகி வந்தால் தலை வாரி விடுவாள். சீப்பில் வருகிற முடியைப் பார்க்காமல் உருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். டொக்டர் என்ன சொன்னார் என்று இரண்டு பேரும் கேட்பார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்பேன்.

பன்னிரண்டாம் கட்டிலுக்குப் புவனா வந்தாள். ஹாலிஎலப் பக்கத் தோட்டம், முப்பத்திரண்டு வயது, பித்தப்பையில் கல். அதை எடுக்க ஒபரேசன். வாய் ஓயாத பெண். வந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வார்டில் யார் வீட்டில் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். அவள் வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். அவள் பேச்சுக்கு நடுவே என் நெஞ்சுக்குள் இருப்பதைக் கொஞ்சம் மறந்திருந்தேன்.

ஒபரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் அட்டெண்டண்ட் வந்து, இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று அவளிடம் சரியாகத்தான் சொன்னார். விரதம் மாதிரியா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். அங்கேதான் வினை. எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் சோறு இல்லை, ரொட்டி இல்லை. தேத்தண்ணி உண்டு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள்கூட நாளெல்லாம் தேத்தண்ணியில்தான் ஓடுவார்கள். தேத்தண்ணியைச் சாப்பாடு என்றோ குடிக்கிற பொருள் என்றோ நாங்கள் நினைத்ததே கிடையாது. புவனா விடியற்காலை எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசி, மாரியம்மனை நினைத்துக் கும்பிட்டாள். அவள் தங்கை ஆறு மணிக்கு பிளாஸ்க்கோடு வந்தாள். பெரிய கோப்பை நிறையப் பால் தேத்தண்ணி, சீனி தூக்கலாக. புவனா அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, பசி எடுக்கிறது, ஒரு பிஸ்கட் தின்ன முடியவில்லையே என்று என்னிடம் குறைப்பட்டாள்.

நானும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நானும் அந்த ஊர்தானே. ட்ரொலி வந்து, அவளிடம் ஏதாவது சாப்பிட்டாயா, குடித்தாயா என்று கேட்டு, அவள் இல்லை என்று தலையாட்டி, அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முந்தின நாள் எதிர்க் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்ணுக்கு மிஸ் விளக்கிக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு தளர்ந்துவிடும், வயிற்றில் எது இருந்தாலும் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகும், ஆள் செத்தாலும் சாகலாம், பால் தேத்தண்ணிகூடக் கூடாது என்று. அந்த வார்டில் இருந்த தமிழ் ஆட்களில் அது என் ஒருத்திக்குத்தான் விளங்கியது.

அப்போதும் நான் உடனே எழும்பவில்லை. இதைக் கூச்சமில்லாமல் எழுத வேண்டும். ட்ரொலி வார்டு வாசலைத் தாண்டியது. சத்தம் திருப்பத்தில் தேய்ந்தது. ஒரு கோப்பை தேத்தண்ணியால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்டெண்டண்ட் வருவாரா என்று பார்த்தேன், அவர் அடுத்த வார்டில். என் ஜன்னல் மூடிவிடும் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. பிறகு அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

ஓடினேன் என்றால் நடந்தேன். நெஞ்சு அடைத்தது. மூன்று தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தியேட்டர் வாசலில் பச்சைத் தொப்பி போட்ட மிஸ் ஒருவர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். "மிஸ், ஏ அம்மா உதே தே பிவ்வா" என்றேன். அந்தப் பெண் காலையில் தேத்தண்ணி குடித்தாள் என்று சொன்னேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு, பால் போட்டதா என்று அவர் அடுக்கடுக்காகக் கேட்டார். நானும் அடுக்கடுக்காகப் பதில் சொன்னேன். முப்பது வருசம் பூட்டி வைத்தது துருப்பிடிக்காமல் வந்தது. அவள் பொய் சொல்லவில்லை, எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணி குடிக்கிற கணக்கில் வராது என்பதையும் சொன்னேன்.

பேசி முடித்துத் திரும்பினால் இளம் டொக்டர் நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவுக்குச் சிங்களம் விளங்குமா என்று மெதுவாகக் கேட்டார். விளங்கும் என்றேன். எல்லாமா என்றார். எல்லாம் என்றேன். என் கால்மாட்டில் நின்று என்னென்ன சொன்னோம் என்று அவர் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு வாசுகியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது.

ஒபரேசனைத் தள்ளிப்போட்டார்கள். புவனா திரும்பி வந்து என்னைக் கிழித்தாள். "ஒங்களுக்கு என்னக்கா, நாக்கு அவ்வளவு நீளமா? இன்னும் நாலு நாளைக்கு எம் புள்ளைய யாரு பாக்குறது?" என்றாள். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு என்ன மரியாதை பாருங்கள். மூன்றாம் நாள் ஒபரேசன் நல்லபடியாக முடிந்து, மயக்கம் தெளிந்ததும் என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

நான் பயந்தது நடந்தது. மறுநாளிலிருந்து என் கால்மாட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. நாடி பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அட்டையைப் புரட்டுவார்கள், நகர்ந்துவிடுவார்கள். பேச்சு வார்டுக்கு வெளியே நடந்தது. கதவுக் கண்ணாடியில் அவர்கள் வாய் அசைவது மட்டும் தெரியும்.

ஆனால் அதே ஆட்கள் மற்றக் கட்டில்களுக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் ஆறாம் கட்டில். பசறைப் பக்கத்துப் பெண். உடம்பு வலி என்று அட்டையில் எழுதியிருந்தது. டொக்டர் கேட்டதையே நான் கேட்டால் அவள் உடம்பெல்லாம் வலிக்குது என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அது போதவில்லை. மலை ஏறும்போதா இறங்கும்போதா, வெறுங்கூடையா நிறைந்த கூடையா என்று கேட்டேன். நிறைந்த கூடையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏறும்போது நெஞ்சில் ஆரம்பித்து இடது கையில் இறங்கும், கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தால் விட்டுவிடும் என்றாள். அதை அப்படியே சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் நிமிர்ந்தார். உடனே இருதயப் படம் எடுத்து, மத்தியானத்துக்குள் அவளை இருதய வார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது? ஐம்பதை நெருங்குகிற வயதில் எனக்கு ஒன்று நன்றாக வரும் என்று கண்டுபிடித்தேன். சிங்களம் இப்போது எங்கள் தோட்டத்துப் பையன்கள் பாதிப் பேருக்குத் தெரியும், அது பெரிய விசயமில்லை. ஒருத்தியின் வலியை அவள் வாயிலிருந்து வாங்கி, சிந்தாமல் இன்னொருவர் கையில் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. எதைக் கேட்டால் அவள் வாய் திறக்கும் என்று தெரிந்தது. என் வெட்கம் என்று நான் மூடி வைத்திருந்ததற்கு அடியில் இது இத்தனை வருசம் கிடந்திருக்கிறது. கிடைத்த நேரத்தைப் பாருங்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எல்லாம் நல்ல சேதியாக இருக்கவில்லை. ஒன்பதாம் கட்டில் அக்காவுக்குச் சீனி நோயில் பாதம் அழுகியிருந்தது. அதை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று டொக்டர் சொன்னதை நான்தான் சொன்னேன். பூசி மெழுகலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தேன். மெழுகினால் அவள் மாட்டேன் என்று வீட்டுக்குப் போய்ச் சாவாள் என்று தோன்றியது. உள்ளதைச் சொன்னேன். ஏதோ நானே வெட்டச் சொன்னதைப் போல அவள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு டொக்டரோடு நான் நடந்து வருவதைக் கண்டால் சில பேர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். நான் வந்தாலே கெட்ட சேதிதான் என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்குரிய சேதியை யார் கொண்டுவருவார்கள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மாணிக்கத்துக்கு இது புவனா வாயால் தெரிந்தது. உங்கள் சம்சாரம் சிங்களத்தில் பிளந்துகட்டுது அண்ணே என்று பார்வையாளர் நேரத்தில் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எங்கே படித்தாய் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். ஹட்டன் மாமி பொய், கொழும்பு வீடு, குசும், எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தாறு வருசம் ஏமாற்றினாயே என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"பதினோரு வயசுலயா?" என்றார் அவர்.

ஆமாங்க என்றேன். அவர் என் கையை எடுத்து, அந்தக் காசநோய் ஊசி போட்ட இடத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். மணி அடித்துப் போகச் சொல்லும் வரைக்கும் கையை விடவில்லை.

ரிப்போர்ட் வந்தது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. மிஸ் எனக்குப் புதுப் போர்வை கொண்டுவந்தார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார். வாசுகிக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வை, விட முடியாது. மாணிக்கம் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்து வாசலில் நின்றார்.

சின்ன அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி. இளம் டொக்டர் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரிந்த அட்டெண்டண்ட் அன்றைக்கு லீவு. டொக்டர் என்னைப் பார்த்து, உங்களை வைத்து இதைச் சொல்வது சரியில்லை, அவருக்கு என் சிங்களம் விளங்காது, நாளைக்கு ஆள் வந்ததும் பேசலாம் என்றார். இன்னொரு நாள் என்னால் தாங்க முடியாது. நான் சொல்கிறேன், நீங்கள் ஒவ்வொரு வசனமாகப் பேசுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

மாணிக்கம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் ஒரு வசனம் சொல்வார், நான் அதைத் தமிழில் சொல்வேன். மற்றக் கட்டில்களில் எப்படிச் சொன்னேனோ அப்படியே. இது நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோய். உடம்பில் கிருமி வந்தால் சண்டை போடுவதற்குக் கழுத்திலும் கக்கத்திலும் சின்னச் சின்னக் கட்டிகள் எல்லோருக்கும் உண்டு, அதில்தான் இது பிடித்திருக்கிறது. கழுத்தில் மட்டுமில்லை, நெஞ்சிலும் இருக்கிறது. வெட்டி எடுக்க முடியாது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும், உடம்பு வாடும். மருந்து ஏற்றாவிட்டால் நோயாளி சில மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார். நோயாளி என்றுதான் சொன்னேன். நான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. குரலும் நடுங்கவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாணிக்கம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "பொழச்சிருவாளான்னு கேளு" என்றார்.

அந்த அம்மா பிழைப்பாரா என்று அவர் கேட்கிறார் என்று டொக்டரிடம் சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். இப்போது தெரியாது, நாலு தடவை மருந்து ஏற்றிய பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் ஓரளவு சொல்லலாம், நல்லபடி எழும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், வராமல் போனவர்களும் இருக்கிறார்கள் என்றார். அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டால் என் புருசன் இன்றைக்காவது தூங்குவார் என்று ஒரு ஆசை வந்தது. அவருக்கு அது தெரியவே போவதில்லை. ஆனால் ஒன்பதாம் கட்டில் அக்காவுக்கு மெழுகாமல் சொன்னவள் நான். முழுவதையும் சொன்னேன்.

மாணிக்கம் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"டொக்டரு சொன்னது சரி. நீ என்ன சொல்ற?"

எனக்கு விளங்கவில்லை. டொக்டர் வேறெதுவும் சொல்லவில்லையே என்றேன். "ஒன்னத்தான் கேக்குறேன்" என்றார். இத்தனை நாளும் எத்தனையோ பேர் வார்த்தை என் வாய் வழியாகப் போயிருக்கிறது. சொல்ல என்னுடையதாக என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேடியதும் அது தொண்டையிலேயே இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

கல்யாணமாகி அவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. பிள்ளை பெறப் போகும்போதுகூட இல்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே டொக்டர் பக்கம் கையைக் காட்டினார்.

"அத அவருகிட்டயும் சொல்லு" என்றார்.

நான் திரும்பினேன். "மட்ட பயய், டொக்டர்" என்றேன்.